ஷீட்டைப் பார்க்காமல் சொன்ன பதில்

போன மாதம் ஜொகூர் பாருவில் நம் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். மாலை போட்டவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, சவரிமுத்து அண்ணன் அதிர்ஷ்டக்காரர், தொட்டதெல்லாம் துலங்கியது என்று பேசினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேடையில் சண்டை போடக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, அது அதிர்ஷ்டம் இல்லை என்பதையே எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். ரப்பர் ஷீட் போடுவதை நிறுத்திவிட்டு, ரப்பர் பாலைக் கனமான கட்டிகளாக்கும் பெரிய ஆலைகள் வருகின்றன. வேலை போய்விடுமோ என்று பயந்த பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். லாரி எடுக்கலாமா, பட்டறை வைக்கலாமா என்று ஆரம்பிப்பார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "மாமா, நிச்சயமா நடக்குமா?" நிச்சயம் என்ற அந்தச் சரக்கு என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை. இல்லாமலே எப்படித் தொடங்கினேன் என்பதை வேண்டுமானால் சொல்கிறேன்.

உலு திராமுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்தில் என் அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் இறக்கினார். நான் புல் வெட்டி, பால் பிடிக்கும் மங்கு கழுவி, பால் ஸ்டோரில் தொட்டி தேய்த்து, மீசை முளைத்த வயதில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைவீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வருடங்களை வரிசையாக எழுதினால் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வரும். புகைவீட்டு வேலையை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது.

பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றித் தொட்டியில் உறைய விடுவார்கள். உறைந்ததை உருளை மெஷினில் கொடுத்து நசுக்கினால் துண்டுத் துணிபோல வெள்ளை ஷீட் நீளமாக வரும். அதில் தண்ணீர் சொட்டி அடங்கியதும் புகைவீட்டுக்குள் கம்புகளில் தொங்கவிடுவோம். அங்கிருந்துதான் என் ராஜ்யம். முதல் நாள் நெருப்பு இருப்பதே தெரியக் கூடாது, புகை மட்டும் மெல்ல எழ வேண்டும். அன்றைக்குச் சூடு ஏறினால் ஷீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்துக் கொப்புளம் விடும். மறுநாள் ஒவ்வொரு ஷீட்டையும் கம்பில் கொஞ்சம் நகர்த்திப் போட வேண்டும், இல்லையென்றால் கம்பு பட்ட இடம் கறையாகவே நின்றுவிடும். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் சூட்டை ஏற்ற வேண்டும். விறகு ரொம்பக் காய்ந்திருந்தால் கொழுந்துவிட்டு எரியும், பச்சையாக இருந்தால் ஆவிதான் வரும். எல்லாம் சரியாக நடந்தால் வாரக் கடைசியில் ஷீட் தேன் நிறத்தில் இறங்கும். எங்கேயாவது வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பெரிய துரை புகைவீட்டுக்குள் காலை வைத்ததே இல்லை. சட்டையில் வாசனை ஒட்டிக்கொள்ளும் என்பார். வாசலில் நின்று பிரம்பால் கதவைத் தட்டுவார். நான் ஒரு ஷீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். எந்த ஷீட் என்பதையும் அவர்தான் சொல்லுவார், "மூணாவது கம்பு, கடைசி" என்று, உள்ளே இருப்பதை வெளியே நின்றே பார்த்தவர்போல. வாங்கி வானத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிடித்திருந்தால் என் தோளில் போடுவார். பிடிக்கவில்லையென்றால் கையை விட்டுவிடுவார், ஷீட் மண்ணில் விழும்.  மண்ணில் விழுந்த அன்று உள்ளே இருக்கும் சரக்கு முழுவதும் இரண்டாம் தரத்துக்குப் போகும், எனக்கு அரைச் சம்பளம் பிடிப்பார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனால் அந்தக் கை எப்போது விரியும் என்று பார்த்தபடி நின்ற நிமிடங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

ஷீட்டை லாரியில் ஏற்றி ஜொகூர் பாருவில் ரப்பர் வாங்கும் சீன முதலாளியான தவுக்கேயின் கடைக்குக் கொண்டுபோகும்போது சில நாள் நானும் கூடப் போவேன். அந்தக் கடையில்தான் பாக் சுலைமானை முதலில் பார்த்தேன். உலு திராம் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர், சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருந்தவர். சைக்கிளின் பின்னால் ஷீட்டைக் கட்டிக்கொண்டு அத்தனை தூரம் மிதித்து வந்திருந்தார். தவுக்கே ஒரு ஷீட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை, கடைசிக் குவியலில் எறிந்தார். புகை போடாத சரக்கு. வேலியில் வெயிலிலும் அடுப்புக்கு மேலேயும் காயப்போட்டது, ஓரமெல்லாம் பூசணம். எங்கள் தோட்டச் சரக்கு முதல் குவியலுக்குப் போயிற்று. நான் அவருடைய ஷீட்டைத் தடவிப் பார்த்தேன். உறைய வைத்ததில் குறையில்லை, அழுத்தியதில் குறையில்லை. எங்களுடையதைவிட மெல்லிசாகக்கூட இருந்தது. புகை ஒன்றுதான் இல்லை.

லாரியில் திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. கம்பங்களில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மரம் இருக்கிறது. ஒவ்வொருவரும் புகைவீடு கட்ட முடியாது. ரோட்டோரமாக ஒன்றைக் கட்டி எல்லோருடைய ஷீட்டையும் வாங்கிப் புகை போட்டுக் கொடுத்தால் என்ன? கூலியாகக் காசு வேண்டாம், ஷீட்டிலேயே ஒரு பங்கு கொடுத்தால் போதும். இப்படி ஒரு தொழில் அந்தப் பக்கத்தில் யாரும் செய்து நான் கண்டதில்லை. நடக்குமா என்று கேட்கவும் ஆள் இல்லை.

நேரம் எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். கூலி ஆட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே பாதி வீடு பூட்டிக் கிடந்தது. வேலையில் மிஞ்சியவர்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். நான் மிஞ்சியவன். ரோசம்மா, என் மனைவி, அப்போது தலைச்சன் பிள்ளை வயிற்றோடு இருந்தாள். தோட்டத்தில் ஆஸ்பத்திரி உண்டு, மருந்து கொடுக்க டிரசர் உண்டு, தலைக்கு மேலே கூரை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் விஷயத்தைச் சொன்னேன். யாரும் வாழ்த்தவில்லை. என் சித்தப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மத்தவன துரை தள்ளுறான், நீ தானாவே குதிக்கிறியா?" என்றார். விலை ஏறிய பிறகு செய்யலாமே என்றார் ஒருவர். விலை ஏறியிருக்கும்போது அடுப்புக்கு மேலே காய்ந்த ஷீட்டையும் நல்ல காசு கொடுத்து வாங்குவார்கள், அப்போது என் புகை யாருக்கு வேண்டும்? இந்தச் சின்னக் கணக்கு அங்கே ஒருவர் தலையிலும் ஏறவில்லை. கிறுக்கன் என்று பெயர் வைத்தார்கள்.

ரோசம்மா என்னோடு வீட்டுக்கு நடந்து வந்தாள். வந்ததும் கேட்டது ஒன்றுதான்: துரை ஷீட்டைக் கீழே போடும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்? சொன்னேன். அப்படியானால் போகலாம் என்றாள். எனக்கு அதிர்ஷ்டம் என்று மாலை போடுகிறவர்கள் அவளுக்கு இருந்த தைரியத்தை அறியமாட்டார்கள்.

துரையிடம் போய் நின்றேன். அவர் தோட்டத் தமிழில், "நீ போறது, சரி. திரும்பி வர்றது இல்லே" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

திட்டத்தைப் போய்ச் சொன்னதும் பாக் சுலைமான் ஓடையோரம் தன் நிலத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். கம்பத்து ஆட்கள் கூடி நின்று மரம் அறுத்தார்கள், தூண் நட்டார்கள். பெரிதாக ஒரே அறை, தோட்டத்தில் எப்படி இருந்ததோ அப்படியே கட்டினேன். பக்கத்தில் எங்களுக்குப் பலகை வைத்து ஒரு சின்ன வீடு. சுற்றுவட்டாரத்தில் மலாய்க்காரர், சீனர், மரம் வாங்கிப் போட்டிருந்த இரண்டு மூன்று தமிழ்க் குடும்பம், எல்லோரும் ஷீட் கொண்டுவந்தார்கள். புகைவீடு நிறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் சரக்கு நாசமாயிற்று.

என்ன நடந்தது என்றால், தோட்டத்தில் எல்லா ஷீட்டும் ஒரே நாளில் உள்ளே போகும், ஒன்றாகக் காயும், ஒன்றாக இறங்கும். கம்பத்தில் அப்படியா? ஒருவர் திங்கட்கிழமை கொண்டுவருவார். இன்னொருவர் மழை விட்ட பிறகு வருவார். வேறொருவர் மகள் கல்யாணம் முடிந்து, வீட்டில் மூன்று நாள் தொங்கிய ஷீட்டோடு வருவார். எல்லாவற்றையும் ஒரே அறையில் மாட்டினேன். பாதி காய்ந்த ஷீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் சொட்டும் ஷீட். பழையதற்காகச் சூட்டை ஏற்றினால் புதியது கொப்புளம் விட்டது. புதியதற்காகச் சூட்டைக் குறைத்தால் அதன் ஆவி பழையதில் படிந்து பூசணம் பிடித்தது. புகைவீட்டு வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்தேன். ஒரு முதலாளியின் சரக்கைப் புகை போடத்தான் எனக்குத் தெரிந்திருந்தது, முப்பது வீட்டுச் சரக்கைப் போடத் தெரியவில்லை.

தவுக்கே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கடைசிக் குவியலில் எறிந்தார். பாக் சுலைமானும் என்னோடு வந்திருந்தார். நான் தலை நிமிரவில்லை. அடுப்புக்கு மேலே காயப்போட்டிருந்தால் விறகாவது மிச்சம் என்று தவுக்கே மலாயில் சொன்னது அவருக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் கம்பத்து ஆட்கள் புகைவீட்டு முன்னால் கூடினார்கள். நான் முந்திக்கொண்டு ஒரு திட்டம் சொன்னேன். இனிமேல் எல்லோரும் ஒரே நாளில் பால் உறைய வைக்க வேண்டும், ஒரே நாளில் ஷீட் கொண்டுவர வேண்டும், நான் தகரத்தைத் தட்டுவேன், சத்தம் கேட்டதும் வர வேண்டும்.  பாக் சுலைமான்தான் நிதானமாகக் கேட்டார். தோட்டத்தில் விடியுமுன் மணி அடித்துப் பிரட்டு என்று ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடுகிறார்களே, அது பிடிக்காமல்தானே நீ வெளியே வந்தாய், இப்போது எங்களுக்கு மணி அடிக்கிறாயா என்றார். இது கம்பம் லா, எங்கள் மரத்தை எங்களுக்குத் தோன்றிய நாளில் வெட்டுவோம் என்றார். அடுத்த வாரம்வரை பொறுத்துப் பார்க்கிறோம், அதற்குமேல் ஷீட் வராது என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு உறைத்தது. அவர்கள் தங்கள் வழக்கத்தை எனக்காக மாற்றமாட்டார்கள், மாற்றவும் வேண்டியதில்லை. மாற வேண்டியது என் புகைவீடு. பெரிய அறையைப் பலகையால் தடுத்துச் சின்னச் சின்ன அறைகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வெளியே தனி நெருப்புக் குழி வெட்டி, மண் மூடிய வாய்க்கால் வழியாகப் புகையை உள்ளே விட்டால், யார் எந்த நாளில் வந்தால் என்ன? அந்தந்த நாள் ஷீட் அந்தந்த அறையில் அதன் வேகத்தில் காயும். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அப்படி ஒரு புகைவீட்டை நான் பார்த்ததில்லை. வாய்க்காலில் வரும் புகைக்குச் சூடு போதுமா என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், தடுக்கப் பலகை இல்லை, வாங்க வழியும் இல்லை.

ரோசம்மா எங்கள் வீட்டுச் சுவரைக் காட்டினாள். "இது பலக இல்லாம என்னவாம்?" என்றாள்.

நான் முடியாது என்றேன். எட்டு மாத வயிற்றோடு சுவர் இல்லாத வீட்டில் இருப்பாயா என்று கத்தினேன்.  சுத்தியலைக் கொண்டுவந்து முதல் ஆணியை அவளே நெம்பினாள். சாயங்காலத்துக்குள் எங்கள் வீடு நாலு தூணும் கூரையுமாக நின்றது. பழைய சாக்கையும் சேலையையும் கட்டி மறைவு செய்துகொண்டோம். இரண்டு நாளில் தடுப்பு எழுந்தது, குழி வெட்டினேன், வாய்க்காலுக்குக் களிமண் பூசினேன். சொன்ன சொல் தவறாமல் கம்பத்து ஆட்கள் அந்த வாரத்து ஷீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவும் போனால் இனிமேல் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அறைகளில் மூன்றாம் நாள் புகை ஓடிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஞானப்பிரகாசம் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். எங்கள் கோயில்காரர், எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர். சுவர் இல்லாத வீட்டைப் பார்த்தார், ரோசம்மாவின் வயிற்றைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். எனக்குப் பதிலாக வைத்த ஆள் இரண்டு முறை சரக்கைக் கருக்கிவிட்டானாம். துரை தன் வார்த்தையைத் தானே விழுங்கிவிட்டுக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். புகைவீட்டை மேற்பார்க்கும் தண்டலாக என்னைப் போடுவார்களாம், கீழே இரண்டு ஆள். லயத்தில் இல்லை, ஸ்டோருக்குப் பின்னால் தனி வீடு. பிரசவத்துக்கு டிரசர். ஆனால் அன்றைக்கே வர வேண்டும், இல்லையென்றால் வேறு தோட்டத்து ஆளை எடுத்துவிடுவார். முதல் சரக்கு கெட்டது துரைக்குத் தெரியும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை.

 ஆசையே இல்லை என்று சொன்னால் பொய். ரோசம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

கிராணி நல்ல மனிதர். என் முகத்தைப் படித்துவிட்டு, ஒரு வழி சொன்னார்.

"முத்து, உனக்குக் கெட்டத நெனச்சு வரல. உள்ள போயி ஒரே ஒரு ஷீட்ட எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. நல்லா இருந்துச்சுன்னா இங்கயே இரு, தொர கிட்ட நான் பேசிக்கிறேன். புள்ளி கிள்ளி இருந்துச்சுன்னா பேசாம வண்டில ஏறு. இதுல என்னா நஷ்டம்?"

எவ்வளவு நியாயமான பேச்சு. இன்றைக்கு என்னிடம் வருகிற பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள், ஒரு ஷீட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார்கள். நானும் அறைக் கதவுவரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். சூடு கையில் ஏறியது. மூன்று நாளான ஷீட்டில் ஓரளவு தெரிந்துவிடும், ஒரு பார்வை போதும்.

அப்போது என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஷீட் நன்றாக இருந்தால் இருப்பேன், கெட்டிருந்தால் போவேன் என்றால், முடிவு எடுப்பது நானா ஷீட்டா? கெட்டிருந்தால் என்ன, வாய்க்காலை ஆழமாக்குவேன். அதுவும் தவறினால் குழியைக் கிட்டே கொண்டுவருவேன். எது தவறு என்று தேடவாவது இங்கே எனக்கு இடம் இருந்தது. அங்கே பிரம்பு கதவைத் தட்டும், நான் வெளியே வந்து நிற்பேன், அவ்வளவுதான். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

"வேணாங்கய்யா, பாக்க வேண்டியதில்ல. நல்லா இருந்தாலும் இங்கதான், கெட்டுப் போனாலும் இங்கதான். தொர கிட்ட அப்படியே சொல்லிருங்க."

அவர் நம்பாமல் ரோசம்மா பக்கம் திரும்பினார். நீயாவது எடுத்துச் சொல்லம்மா, பிள்ளைத்தாய்ச்சி, உனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். ரோசம்மா சாக்குத் திரையை ஒதுக்கிப் பிடித்தாள்.

"செவுரு இல்லாத வீடுங்கய்யா, எந்தப் பக்கமா வேணும்னாலும் வரலாம். உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் டீ குடித்தார். குடித்து முடிக்கும்வரை தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, கிறுக்குப்பயலே என்றார். கோயில் வாசலில் மற்றவர்கள் சொன்னதைப்போல அவர் அதைச் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்து அறைகளைத் திறந்தேன். பெரும்பாலான ஷீட் தேன் நிறத்தில் இறங்கியது. மேற்குப் பக்க அறையில் மட்டும் பலகை இடுக்கில் காற்று புகுந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி பிடித்திருந்தது. வேறு யாருடையதாகவாவது இருக்கக் கூடாதா, அது பாக் சுலைமானுடைய ஷீட். நிலம் கொடுத்தவர், தவுக்கே கடையில் என்னோடு தலைகுனிந்து நின்றவர். அந்த ஷீட்டையெல்லாம் எடுத்து வாசலில் பரப்பி வைத்தேன். ஒளித்து வைக்கவும் இல்லை, சமாதானம் சொல்ல வார்த்தை தேடவும் இல்லை.

அவர் வந்தார். தோளில் புதிதாக அழுத்திய ஈர ஷீட், சட்டையெல்லாம் தண்ணீர். பரப்பி வைத்திருந்ததைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார். பிறகு மற்றவர்களுடைய ஷீட் அடுக்கியிருந்த பக்கம் போய், மேலே இருந்த ஒன்றை எடுத்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டு, எந்த அறையில் போடுவது என்று கேட்டார்.

"அதே அறையில்தான்" என்றேன்.

தோளில் இருந்ததை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பலகை இடுக்கை அடைக்க நான் களிமண் குழைக்க உட்கார்ந்தேன்.